தடைக்காலத்தில் தொடங்கிய 75 நாள்: எங்கள் கரையில் இதை எப்படிச் செய்வது

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் எங்களுக்குக் கடல் கிடையாது. மீன் இனம் பெருகும் காலம் என்று விசைப்படகுகளை நிறுத்திவிடுவார்கள். படகைக் கரையேற்றிப் பெயின்ட் அடிப்பது, எஞ்சினைப் பிரித்துப் பூட்டுவது, வலை சரிபார்ப்பது எல்லாம் மூன்று வாரத்தில் முடிந்துவிடும். அதற்கப்புறம் வரும் நாள்கள்தான் ஆளைத் தின்னும். நான் பாம்பன்காரன், பதினேழு வருசமாக விசைப்படகுக்குப் போகிறேன். அதில் பாதித் தடைக்காலங்களைச் சீட்டிலும் குடியிலும் தொலைத்திருக்கிறேன். கையில் வேலை இல்லாதபோது மனசு எவ்வளவு சீக்கிரம் இளகிப்போகும் என்பது எனக்குத் தெரியும்.

எங்கள் தெருத் தம்பி ஒருவன்தான் ‘75 ஹார்ட்’ என்பதைக் கைப்பேசியில் காட்டினான். ஆண்டி ஃபிரிசெல்லா என்ற அமெரிக்கத் தொழிலதிபர் 2019இல் கொண்டுவந்தது. 75 நாள், தினமும் ஒரே வேலைகள். 45 நிமிடப் பயிற்சி இரண்டு வேளை, அதில் ஒன்று கட்டாயம் வெட்டவெளியில். நீங்களே தேர்ந்தெடுத்த ஓர் உணவுமுறை. அதிலிருந்து ஒரு வாய்கூட விலகக் கூடாது, மது அறவே கூடாது. ஒரு கேலன், அதாவது சுமார் 3.8 லிட்டர் தண்ணீர். அறிவு தரும் புத்தகத்தில் 10 பக்கம், கதைப்புத்தகம் சேராது. உடம்பைக் காட்டும் ஒரு புகைப்படம். இதில் எது ஒன்று தவறினாலும் மறுநாள் மறுபடியும் முதல் நாள்.

நான் இதைச் செய்து முடித்ததைப் பார்த்து, இந்த வருசம் தெருவில் நான்கு பேர் தொடங்கப்போகிறார்கள். எப்படிச் செய்யணும் அண்ணே என்று கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதையே இங்கே எழுதுகிறேன்.

தொடங்கும் முன்னால் ஒரு விசயம், இதைத் தாண்டிப் போகாதீர்கள். தினமும் குடிக்கிறவர்கள் சட்டென்று ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. எங்கள் படகில் ஒருவர் வைராக்கியமாக நிறுத்தினார். மூன்றாம் நாள் கை நடுங்கி, கண்ட கண்டதைப் பேசி, வலிப்பு வந்து விழுந்தார். அது மனசின் பலவீனமில்லை. பழகின உடம்பு அப்படித்தான் எதிர்க்கும், உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவரைப் பார்த்து, மருந்தோடு நிறுத்துங்கள். 75 நாளை அப்புறம் எண்ணலாம். சிறுநீரகம், இதயம், ரத்த அழுத்தம், சர்க்கரை என்று எதற்காவது மருந்து சாப்பிடுகிறவர்களும், கர்ப்பமாக இருக்கிறவர்களும் அப்படியே, முதலில் மருத்துவர்.

சரி, முதல் பயிற்சி. பாம்பன் பாலத்தைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. 1988இல் திறந்த சாலைப் பாலம், நீளம் இரண்டே கால் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. இந்தக் கரையிலிருந்து மண்டபம் பக்கம் போய்த் திரும்பினால் நாலரை கிலோமீட்டருக்கு மேல் வரும். வேகமாக நடந்தால் கிட்டத்தட்ட 45 நிமிடம். கடிகாரமே வேண்டாம், பாலமே அளவு. இன்னொரு நன்மையும் உண்டு. நடுப்பாலத்தில் நின்றுகொண்டு ‘போதும்’ என்று மனசு சொன்னாலும், வீட்டுக்கு வர மீதியை நடந்துதானே ஆகவேண்டும்! காலை 4.45க்கு ஏறிவிடுங்கள். விடிந்துவிட்டால் சுற்றுலா வண்டிகள் பாலத்தின் மேலேயே நிறுத்திப் படம் எடுப்பார்கள், நடைபாதையில் நிம்மதி இருக்காது. இருட்டில் போவதால் வெளிர் நிறச் சட்டை போடுங்கள். கச்சான் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று, தொடங்கிவிட்டால் மண்டபம் நோக்கிப் போகும்போது இடது பக்கத்திலிருந்து தள்ளும். குனிந்து நடந்தால் இடுப்பு வலிக்கும், நிமிர்ந்தே நடக்கலாம்.

மணலில் ஓடுகிறேன் என்று முதல் வாரமே இறங்காதீர்கள். காலுக்குக் கீழே நழுவும் மணலில் ஓட, கெட்டித் தரையைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு சக்தி செலவாகும். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் பத்து நாள் முடக்கிவிடும். அலை வந்து போன ஈர மணலில், அதுவும் மூன்றாம் வாரத்திலிருந்து, கொஞ்சம் கொஞ்சமாக ஓடிப் பாருங்கள்.

மாலைப் பயிற்சிக்கு வடகடல் கரை. பஸ்கி இருபது, தண்டால் பத்து, முழங்கையை ஊன்றிப் பலகைபோல் அரை நிமிடம், தண்ணீர் நிரப்பிய கேன் ஒன்றைத் தூக்கி இறக்குவது பதினைந்து. மூச்சு அடங்கினதும் மறுபடி முதலிலிருந்து. வாரத்தில் இரண்டு நாள் இதை விட்டுவிட்டு நீச்சலோ, கை கால் நீட்டி மடக்குவதோ மட்டும். தினமும் இரண்டு வேளையும் உடம்பை முறுக்கினால் நாற்பதாவது நாளில் முழங்கால் பேசும். விதி 45 நிமிடம் என்றுதான் சொல்கிறது, சாகும்வரை என்று சொல்லவில்லை.

தண்ணீர்தான் எளிது என்று நினைத்தேன். நாலாம் நாள் பகலெல்லாம் மறந்துபோய், ராத்திரி பத்து மணிக்குமேல் இரண்டு லிட்டரை மடமடவென்று குடித்தேன். தலை வெடித்தது, குடித்ததெல்லாம் வாந்தியாக வந்தது. ஒரு மணி நேரத்தில் சிறுநீரகம் வெளியேற்றுவது ஒரு லிட்டருக்குள்தான். அதற்குமேல் ஊற்றினால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும். தலைவலி, குமட்டல், குழப்பம் வரும், முற்றினால் வலிப்பே வரும். வேர்த்து உப்பும் வெளியேறும் எங்கள் வெயிலில் இது இன்னும் கவனிக்க வேண்டியது. நான் பிறகு செய்தது இதுதான்: நான்கு ஒரு லிட்டர் பாட்டில்களின் கழுத்தில் நான்கு நிற நைலான் கயிறு கட்டினேன். பச்சை காலை எட்டுக்குள், சிவப்பு பன்னிரண்டுக்குள், நீலம் நாலுக்குள், வெள்ளை எட்டுக்குள். வெள்ளையில் ஒரு டம்ளர் மிச்சம் இருக்கலாம். கூடவே உப்புப் போட்ட நீராகாரம் ஒரு செம்பு. அதைத் தண்ணீர்க் கணக்கில் சேர்க்கவில்லை.

சாப்பாட்டுக்கு நான் புதிதாக எதையும் வாங்கவில்லை. காலையில் கம்பங்கூழ், மதியம் ஒரு தட்டுச் சோறு, மீன் குழம்பு, ஒரு கீரை, ராத்திரி இட்லியோ அவித்த பயறோ. தடைக்காலத்திலும் நாட்டுப்படகு மீன் வரும், மத்தியும் காரலும் போதும். விட்டது: பரோட்டா, எண்ணெய்ப் பலகாரம், சர்க்கரை, கருப்பட்டி, மது. உணவுமுறையை முதல் நாளுக்கு முன்பே தாளில் எழுதி அடுப்படியில் ஒட்டுங்கள். எழுதாமல் விட்டால், கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்த பிறகு எது கூடும், எது கூடாது என்று புதுச் சட்டம் போடுவோம். நுங்கு என் தாளில் இருந்தது, பதநீர் இல்லை. மே மாதம் முழுவதும் பனையடியில் நின்று நுங்கை மட்டும் உறிஞ்சிவிட்டு வந்தேன்.

இனி, எனக்கு இதில் உண்மையாகவே முக்கியமாகப் பட்டது.

ஏப்ரல் 15இல் தொடங்கினேன். 18 நாள் ஒழுங்காகப் போனது. 19ஆம் நாள், மே 3, மாலைப் பயிற்சி முடித்துச் சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் சாய்ந்தேன். கண் விழித்தபோது நிலாவெளிச்சம். கைப்பேசியில் மணி 12.20. புத்தகம் தலைமாட்டில் அப்படியே கிடந்தது, அன்றைய பக்கம் ஒன்றுகூடப் புரட்டவில்லை. எழுந்து உட்கார்ந்தேன். இரண்டு வேளை நடந்திருக்கிறேன், வேர்த்திருக்கிறேன், தண்ணீர் குடித்திருக்கிறேன். இருபது நிமிடம் பிந்திவிட்டது, அவ்வளவுதானே, இப்போது பத்துப் பக்கம் படித்தால் யாருக்குத் தெரியப்போகிறது? படிக்கவும் தொடங்கிவிட்டேன். மூன்று பக்கம் போனது. எழுத்து கண்ணில் பட்டது, மனசில் ஏறவில்லை. துறைமுகத்தில் ஏலம் நடப்பதுபோல உள்ளே ஒருவன் கேட்டுக்கொண்டே இருந்தான்: இன்றைக்கு இருபது நிமிடம், நாளைக்கு ஒரு மணி நேரம், அடுத்த வாரம் ஒரு வேளைப் பயிற்சி. முதல் கேட்புக்குத் தலையாட்டிவிட்டால் விலை எங்கே போய் நிற்கும் என்று மீன்காரனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. புத்தகத்தை மூடினேன். சுவரில் கரியால் போட்டிருந்த 18 கோடுகளை ஈரத் துணியால் துடைத்தேன். விடிந்தால் மே 4, அக்னி நட்சத்திரம் தொடங்கும் நாள். அன்றைக்குத்தான் எனக்கு மறுபடி முதல் நாள்.

காலையில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா முப்பது வருசம் தென்கடலில் பாசி எடுத்தவர். பாறையில் விரல் கிழியாமல் இருக்கத் துணி சுற்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்து மூழ்கி மூழ்கி எடுக்கும் வேலை அது. அம்மா ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. “ராத்திரியே துணியக் கிழிச்சு மடிச்சு வச்சிருவேன். விடியக்காலம் ஒக்காந்து யோசிச்சா எவளுக்குப்பா தண்ணிக்குள்ள எறங்க மனசு வரும்?” என்றார். அவ்வளவுதான் சொன்னார். என் 75 நாளும் அதில்தான் நின்றது.

அதனால் நீங்கள் செய்ய வேண்டியது: மனசு யோசிக்கக்கூடிய இடங்களை ராத்திரியே அடைத்துவிடுங்கள். பாட்டில்களை நிரப்பி வாசலில் வையுங்கள். செருப்பும் சட்டையும் கதவருகில். படுக்கும் இடத்துக்கும் கைப்பேசிக்கும் நடுவில் ஒரு அறை தூரம் இருக்கட்டும், அலாரத்தை நிறுத்த எழுந்தே ஆகவேண்டும். சின்ன வேலைகளைக் காலையிலேயே முடியுங்கள். இது பெரிய பாடம் எனக்கு. ஆளைத் தோற்கடிப்பது தண்டால் அல்ல. ஒரு நிமிடப் புகைப்படமும் பத்துப் பக்கமும்தான். பாலத்திலிருந்து இறங்கினதும் வீட்டுச் சுவரில் ஒரே இடத்தில் நின்று படம், கால் கழுவிவிட்டுப் பத்துப் பக்கம், அப்புறம்தான் கூழ். கூழுக்கு முன்னால் வைத்ததால் அதற்குப் பிறகு ஒரு நாளும் மறக்கவில்லை. புத்தகம் கிளை நூலகத்தில் எடுத்ததுதான். வாழ்க்கை வரலாறு, உடம்பைப் பற்றியது, கடலைப் பற்றியது.

சாயங்காலம் ஆறு முதல் எட்டு வரைதான் பழைய கூட்டாளிகள் கூப்பிடும் நேரம். மாலைப் பயிற்சியை ஐந்தரைக்கு மாற்றினேன். “வாடா மாப்ள” என்று அழைப்பு வரும்போது நான் மணலில் தண்டால் போட்டுக்கொண்டிருப்பேன். இரண்டு வாரத்தில் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். அது எனக்கு வருத்தமாகவும் இருந்தது, மறைக்க மாட்டேன். ஒருத்தர் மட்டும் பக்கத்தில் வந்து உட்கார ஆரம்பித்தார்.

ஜூன் 15இல் கடல் திறந்தது. எனக்கு அது 43ஆம் நாள். காலையில் போய் மறுநாள் காலையில் திரும்பும் தொழில், இதில் எப்படி? வலை இழுப்பதைப் பயிற்சியாகக் கணக்கு வைக்கலாமே என்று படகில் எல்லோரும் சொன்னார்கள். நான் வைக்கவில்லை. அது சம்பளத்துக்குச் செய்யும் வேலை, செய்யாவிட்டால் டிரைவர் சும்மா விடமாட்டார். யாரும் கேட்காதபோது செய்வதுதான் இந்தக் கணக்கு. போகும் நாளில் பாலத்து நடை வழக்கம்போல விடியலுக்கு முன்னால். இரண்டாவது, வலை இறக்கிவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில், மேல்தளத்தில். படகு ஆடும், அதனால் காலை அகட்டி வைத்து பஸ்கி. தண்டாலுக்குத் தளத்தை முதலில் கழுவுங்கள், மீன் கசடில் கை வழுக்கினால் பல் போகும். தண்ணீருக்கு என் நான்கு பாட்டில், படகின் பொதுக் கேனில் கைவைக்கவில்லை. கரை திரும்பும் நாளில் மீன் இறக்கி, மதியம் தூங்கி, நாலரைக்கு ஒன்று, எட்டுக்கு ஒன்று.

51ஆம் நாள் மீன் பிரிக்கும்போது திருக்கை முள் காலில் ஏறியது. அடுப்பில் தண்ணீர் சுட வைத்து, பொறுக்கும் சூட்டில் ஒரு மணி நேரம் காலை வைத்திருந்தேன். அந்த விசத்தின் வலி சூட்டில் தணியும். கரைக்கு வந்ததும் மருத்துவமனை, ஊசி. அன்று இரண்டாவது பயிற்சியை உட்கார்ந்தபடி கையும் வயிறும் மட்டும் செய்தேன், மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான். காய்ச்சலோ மயக்கமோ இருந்தால் அதுவும் வேண்டாம். நிறுத்திப் படுங்கள், தேறினதும் முதல் நாளிலிருந்து எண்ணுங்கள். கோடுகளை அழிப்பதில் அவமானம் ஒன்றுமில்லை, நானே அழித்தவன்.

ஜூலை 17இல் 75 முடிந்தது. அதன்பின் தண்ணீரைத் தாகத்துக்கு ஏற்றபடி குறைத்துக்கொண்டேன், பயிற்சி ஒரு வேளை ஆனது, புகைப்படத்தை விட்டுவிட்டேன். பாலத்து நடையும் பத்துப் பக்கமும் இன்றுவரை நிற்கின்றன. குடிக்கவில்லை.

தொடங்கப்போகிற நால்வருக்கும்: ஏப்ரல் 15, காலை 4.45, பாலத்தின் பாம்பன் முனை. உணவுத் தாளை முந்தின நாள் ராத்திரியே எழுதிவிட்டு வாங்க. பாட்டில் அவரவர் கொண்டு வரணும். சுவரில் கோடு போட எங்கள் வீட்டில் கரி இருக்கிறது.