கூடைப்பந்தில் டிஃபென்ஸை நம்பி வெளிநாட்டு கிளப்புக்குப் போகிறவர்கள் எங்கே சறுக்குகிறார்கள்?

கச்சான் காற்று வீசும் மாதங்களில் எங்கள் ராமநாதபுரம் கடற்கரையில், திறந்தவெளி மைதானத்தில் தூரத்திலிருந்து எறிந்த பந்து எங்கே போகும் என்று பந்துக்கே தெரியாது. அதனாலோ என்னவோ, இங்கே கூடைப்பந்து ஆடும் பையன்களில் பலருக்கு எறிவதைவிட மறிப்பது, அதாவது டிஃபென்ஸ், நன்றாக வருகிறது. "இதை வச்சு வெளிநாட்டுல ஆட முடியுமாண்ணே?" என்று கேட்கிறார்கள். பஞ்சாபின் அம்ரித்பால் சிங் 2017-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னி கிங்ஸ் அணிக்குப் போனார். வழி இருக்கிறது, குழிகளும் இருக்கின்றன.

பெரிய குழி, விடியற்காலையில் அமெரிக்காவின் என்பிஏ லீக் பார்த்து டிஃபென்ஸ் பழகுவது. மற்ற நாடுகளின் லீக்குகளில் பெரும்பாலும் சர்வதேச கூடைப்பந்து சம்மேளனமான ஃபிபாவின் விதிகள்தான். அங்கே ஆட்டம் 48 நிமிடமல்ல, 40. ஆறாவது ஃபவுலில் அல்ல, ஐந்தாவதிலேயே வெளியேற வேண்டும். பிளாக் ஆசையில், அதாவது எதிராளி எறியும் பந்தைத் தட்டிவிடும் ஆசையில், பாய்ந்து முதல் கால்பகுதியிலேயே இரண்டு ஃபவுல் வாங்கினால் மீதியைப் பெஞ்சிலிருந்துதான் பார்க்கலாம். இன்னொன்று: ஃபிபா விதியில், எறிந்த பந்து வளையத்தில் பட்டுவிட்டால், அது வளையத்துக்கு மேலேயே துள்ளிக்கொண்டிருந்தாலும் தட்டிவிடலாம். என்பிஏ-யில் அது தப்பு. டிவி பார்த்துப் பழகியவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். அதேபோல, தடுப்பவர் கூடைக்கு அடியில் மூன்று வினாடிக்கு மேல் சும்மா நிற்கக் கூடாது என்ற என்பிஏ விதி ஃபிபாவில் கிடையாது. நெட்டையான ஒருவர் அங்கேயே காவல் இருக்கலாம்.

'உயரம் போதாது' என்று ஒதுங்குவதும் தவறு. அமெரிக்காவின் கைல் ஹைன்ஸ் 198 செ.மீ. நம் ஊரில் அண்ணாந்து பார்ப்போம், ஆனால் கூடைக்கு அருகில் ஆடும் சென்டர் ஆட்டக்காரருக்கு அது குள்ளம். என்பிஏ அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. இத்தாலியின் இரண்டாம் டிவிஷனில் தொடங்கியவர், ஐரோப்பாவின் முதன்மை கிளப் போட்டியான யூரோலீக்கில் நான்கு முறை கோப்பையும் மூன்று முறை சிறந்த தடுப்பாளர் விருதும் வாங்கினார்.

அப்புறம் வீடியோ. பிளாக்குகளை மட்டும் ஒட்டி, பாட்டுப் போட்டு அனுப்பாதீர்கள். தடுப்பவரின் வேலை பாதி, எதிராளிக்குப் பந்தே வராமல் செய்வதுதான். அது முழு ஆட்டப் பதிவில்தான் தெரியும். எறியவும் கற்றுக்கொள்ளுங்கள். வெளிநாட்டு வீரருக்கான இடங்கள் குறைவு. எறியத் தெரியாது என்று எதிரணி கண்டுகொள்ளாமல் விட்டுவிடும் ஆளுக்கு அதில் ஒன்றைத் தர எந்த கிளப்பும் யோசிக்கும்.

காகித விஷயத்தில் நம் கடற்கரைக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை என்று நினைத்திருந்தேன். கீழக்கரையிலும் தொண்டியிலும் வளைகுடாவுக்கு ஆள் போகாத தெரு உண்டா? விசிட் விசாவில் போய் வேலை தேடினால் என்ன ஆகும் என்று வீட்டுப் பெரியவர்களே சொல்வார்கள். ஆனாலும் பந்து என்றதும் பையன்கள் அதை மறந்துவிடுகிறார்கள். ஏஜென்ட் ஃபிபா உரிமம் பெற்றவரா என்று பாருங்கள். நாடு மாறி ஆட, கடைசியாக ஆடிய நாட்டுச் சம்மேளனத்தின் 'லெட்டர் ஆஃப் கிளியரன்ஸ்' என்ற தடையில்லாக் கடிதம் வேண்டும். 18 வயது ஆகாதவர்களுக்குச் சில விதிவிலக்குகள் தவிர அது கிடைக்காது.

சம்பளத் தகராறுகளுக்காக ஃபிபா 2007-ல் தொடங்கிய நடுவர் மன்றம் ஜெனீவாவில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் அதைக் குறிப்பிடும் வாசகம் இல்லாவிட்டால் அந்தப் படி ஏற முடியாது. ஏறினாலும் கட்டணம் உண்டு, சின்னத் தொகைக்குக் கட்டுப்படியாகாது. ஆகவே முதல் மாதச் சம்பளம் தள்ளிப்போனதுமே கிளப்பிடம் எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப் குரல் செய்தியில் அல்ல.