பொதுச் சுகாதாரப் பணிக்கு எந்த உயிரியல் பட்டம்?

பொதுச் சுகாதாரத் துறையில் பணியாற்ற விரும்பும் மாணவர், பட்டத்தின் பெயரைப் பார்ப்பதற்கு முன், நோய்க்கிருமியை ஆய்வகத்தில் கண்டறிய விரும்புகிறோமா, அது ஊருக்குள் பரவும் வழியைத் தேட விரும்புகிறோமா என்று தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். முதலாவதற்கு நுண்ணுயிரியல் பொருந்தும். இரண்டாவதற்கு, பலரும் பழைய படிப்பென்று ஒதுக்கும் விலங்கியலையே நான் பரிந்துரைப்பேன். வீட்டுத் தொட்டியின் தெளிந்த நீரில் வளரும், குட்டையான மூச்சுக்குழாய் கொண்ட, டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் புழுவையும், கழிவுநீரில் நெளியும், நீண்ட மூச்சுக்குழாய் கொண்ட, யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசுவின் புழுவையும் பிரித்தறிவதற்கான அடிப்படை அதில்தான் கிடைக்கிறது. புதுச்சேரியிலுள்ள நோய்க்கடத்திகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் பொதுச் சுகாதாரப் பூச்சியியலுக்கென்றே முதுநிலைப் படிப்பை நடத்துகிறது. எந்தப் பட்டமானாலும் புள்ளியியலைத் தவிர்க்காதீர்கள். சேருமுன் பாடத்திட்டத்தை வாங்கி, ஒட்டுண்ணியியலும் நோய்ப்பரவலியலும் அதில் உள்ளனவா என்று பாருங்கள்.