நிறை சமமில்லாத இரண்டு குவியல்களுக்கு இடையே தொலைவு: கையால் போட்டுப் பார்க்கலாம்

ஒரு மண் குவியலைக் குறைந்த செலவில் இன்னோரிடத்துக்குக் கொண்டுபோவது எப்படி? 1781-ல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் மோன்ஜ் எழுப்பிய கேள்வி இது. 1942-ல் சோவியத் கணிதவியலாளர் கான்டரோவிச் இதை நாம் இன்று கணக்கிடும் வடிவத்துக்குக் கொண்டுவந்தார். இருவருக்கும் ஒரே நிபந்தனை: இரு பக்கமும் மொத்த நிறை சமமாக இருக்க வேண்டும். கைக்கு வரும் தரவு அப்படி இருப்பதில்லை. ஒரு நுண்ணோக்கிப் படத்தில் ஐந்து செல் (உயிரணு) இருக்கும், அடுத்த படத்தில் மூன்றுதான் இருக்கும்.

படி 1: எடுத்துக்காட்டு

ஒரு நேர்கோடு போதும். 'அ' குவியலில் 0 என்ற இடத்தில் நிறை 3, 10-ல் நிறை 2. 'ஆ' குவியலில் 1-ல் நிறை 2, 20-ல் நிறை 1. மொத்தம் 5, 3.

படி 2: மொத்தத்தால் வகுக்காதீர்கள்

இரு பக்கமும் மொத்தம் 1 ஆக, ஒவ்வொரு குவியலையும் அதன் மொத்தத்தால் வகுப்பதைத்தான் எல்லோரும் முதலில் செய்வார்கள். வகுத்தால் 'அ' 9/15, 6/15 ஆகிறது. 'ஆ' 10/15, 5/15. இப்போது 1-ல் 1/15 பங்கு குறைகிறது. அதை நிரப்ப 10-லிருந்து 9 அலகு தூரம் நிறை நகர்கிறது. அசல் தரவில் 0-லேயே தேவைக்கு மேல் இருந்தது! வகுத்தலே இல்லாத ஒரு பயணத்தை உண்டாக்கிவிட்டது. இதைக் கவனிக்காமல் வரும் முடிவுகளை நான் நம்புவதில்லை.

படி 3: அழிக்கவும் ஆக்கவும் விலை வையுங்கள்

ஓர் அலகை நகர்த்தினால் செலவு அதன் தூரம். அழித்தாலோ புதிதாக ஆக்கினாலோ செலவு லாம்டா. ஓரிடத்தில் அழித்து வேறிடத்தில் ஆக்க இரண்டு லாம்டா ஆகும். ஆகவே அதைவிட அதிக தூரத்துக்கு எதுவும் நகராது. லாம்டாவைத் தேர்ந்தெடுப்பது என்றால், எவ்வளவு தூரம்வரை 'இது அதே பொருள்தான்' என்று ஏற்பீர்கள் என்று முடிவு செய்வது. அதைத் தரவை அறிந்த நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

லாம்டா 3 என்போம். 0-லிருந்து 1-க்கு இரண்டு அலகு: செலவு 2. 10-லிருந்து 20-க்குத் தூரம் 10. எல்லை 6 என்பதால் நகராது. 'அ'-வில் மிஞ்சிய 3 அலகை அழிக்க 9, 20-ல் ஒன்றை ஆக்க 3. மொத்தம் 14.

படி 4: நிறை சமமான கணக்குக்கு எழுதிய பழைய நிரலிலேயே ஓட்டுங்கள்

இரு பக்கமும் ஒரு கற்பனைப் புள்ளியைச் சேருங்கள். 'அ' பக்கப் புள்ளிக்கு நிறை 3, 'ஆ' பக்கப் புள்ளிக்கு 5, அதாவது எதிர்ப்பக்கத்தின் மொத்தம். இப்போது இருபுறமும் 8. கற்பனைப் புள்ளிக்குப் போகவும் அங்கிருந்து வரவும் செலவு லாம்டா. கற்பனையிலிருந்து கற்பனைக்கு 0. வழக்கமான நேரியல் நிரலாக்கம் (நேரியல் கட்டுப்பாடுகளுக்குள் மிகக் குறைந்த செலவைத் தேடும் கணித முறை) இதே 14-ஐத் தரும்.

படி 5: பெரிய தரவுக்கு

சிங்க்ஹார்ன் முறைக்குப் போங்கள்: இரு பக்க நிறைகளையும் மாறி மாறி ஒரு விகிதத்தால் பெருக்கிச் சரிசெய்து, விரைவாகத் தோராய விடை தரும் முறை அது. அழித்தல், ஆக்கல் விலையாகக் குல்பாக்–லைப்லர் விலகலை (இரண்டு நிறைப் பரவல்கள் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதன் அளவு) லாம்டாவால் பெருக்கி வைத்தால், ஒவ்வொரு சுற்றிலும் வரும் விகிதத்தை லாம்டா / (லாம்டா + எப்சிலான்) என்ற அடுக்குக்கு உயர்த்தினால் போதும். எப்சிலான் என்பது அந்த முறையின் மழுக்கல் அளவு. லாம்டாவை மிகப் பெரிதாக்கினால் அடுக்கு 1-ஐ நெருங்கும், பழைய சிங்க்ஹார்ன் திரும்பிவிடும். ஒரே வரி மாற்றத்தில் இவ்வளவும் கிடைப்பது எனக்கு இன்றும் வியப்பு.

உங்கள் நிரல் சரியா என்று பார்க்கப் படி 4-ல் லாம்டாவை 5 ஆக்குங்கள். 10-லிருந்து 20-க்கு நகர்த்தினாலும், அங்கே அழித்து இங்கே ஆக்கினாலும், மொத்தம் 22 வர வேண்டும்.