பழைய டெலிகா வேன் வாங்குமுன்: கியரைப் பிறகு பாருங்கள், முதலில் தண்ணீரைப் பாருங்கள்

நாட்கணக்கில் மண்சாலையில் போக வேண்டும், வண்டிக்குள்ளேயே படுத்துத் தூங்க வேண்டும், நான்கு சக்கரமும் இழுக்க வேண்டும். இந்த மூன்றும் வேண்டுமென்று ஆஸ்திரேலியாவில் தேடுகிறவர்கள் பலரும் கடைசியில் வந்து நிற்பது மிட்சுபிஷி டெலிகாவிடம். ஜப்பானில் ஓடி, அங்கிருந்து ஏலத்தில் எடுத்து இறக்குமதியானவையே பெரும்பாலும் சந்தையில் கிடைக்கின்றன. பார்க்க வருகிறவர்கள் முதலில் ஃபோர் வீல் லீவரை ஆட்டிப் பார்ப்பார்கள். ஆனால் லீவர் கெட்டு இந்த வண்டி நடுவழியில் நிற்பது அபூர்வம். கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர்க் கலவை) ஒழுகி, இன்ஜின் கொதித்து, ஹெட் (இன்ஜினின் மேல்பாகம்) விரிசல் விட்டு நிற்பதுதான் வழக்கம். அதனால் இங்கே சோதனை வரிசையும் அப்படியே இருக்கிறது.

கையில் ஒரு டார்ச், சின்னக் காந்தம், மழுங்கிய ஸ்க்ரூடிரைவர், பழைய துணி, கீழே படுத்துப் பார்க்க ஓர் அட்டை. இவ்வளவு போதும்.

படி 1: எந்தத் தலைமுறை?

டெலிகா என்ற பெயரில் மூன்று வேறு வண்டிகள் விற்கின்றன. மூக்கு தட்டையான பழைய எல்300 ஸ்டார் வேகனில் இருப்பது பார்ட் டைம் ஃபோர் வீல், அதாவது முன், பின் ஆக்சில்களை ஒன்றாகப் பூட்டிவிடுவது; அதை உலர்ந்த தார்ச்சாலையில் போடவே கூடாது. 1994-இல் வந்த எல்400 ஸ்பேஸ் கியரில் பஜேரோவின் சூப்பர் செலக்ட் அமைப்பு உண்டு (ஃபோர் வீலைத் தார்ச்சாலையிலும் போடலாம்), லோ கியரும் (வேகம் குறைந்து இழுவை கூடும் கியர்) உண்டு. 2007-இல் வந்த டி:5 சொகுசான வண்டி, ஆனால் லோ கியர் கிடையாது. டொயோட்டா ஹையேஸின் ஃபோர் வீல் வகையிலும் லோ கியர் இல்லை. அது பனிச்சாலைக்காகச் செய்தது. கூழாங்கல் சாலை மட்டும்தான் உங்கள் திட்டமென்றால் இந்த இரண்டுமே போதும். மணலும் ஆற்றுக் கடவுகளும் வழியில் வருமென்றால் எல்400. இனிமேல் சொல்வதெல்லாம் அதைப் பற்றியே.

எல்400-இல் 2.8 லிட்டர் டர்போ டீசல் (4எம்40), 3.0 லிட்டர் வி6 பெட்ரோல் (6ஜி72) இரண்டும் பரவலாகக் கிடைக்கும். டீசலுக்கு டைமிங் செயின், பெட்ரோலுக்கு டைமிங் பெல்ட். பெல்ட்டைச் சுமார் 1,00,000 கி.மீ.க்கு ஒரு முறை மாற்ற வேண்டும். மாற்றியதற்கு ரசீதோ ஸ்டிக்கரோ இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கணக்கு வையுங்கள். தூரப் பயணத்துக்கு எங்கள் ஓட்டு டீசலுக்கு.

படி 2: காகிதங்கள்

பி.பி.எஸ்.ஆர் என்ற ஆஸ்திரேலிய அரசுப் பதிவேட்டின் இணையதளத்தில் சேசிஸ் எண்ணைப் போட்டு 2 டாலர் கட்டினால், வண்டிமேல் கடன் பாக்கி உண்டா, திருட்டு வண்டியா, விபத்தில் கழித்துக்கட்டியதா என்று தெரிந்துவிடும். இதைச் செய்யாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

அடுத்து ஜப்பான் ஏலத்தாளை (ஏலத்துக்கு முன் வண்டியைச் சோதித்து எழுதிய அறிக்கை) கேளுங்கள். ஜப்பானிய மொழி தெரியாவிட்டாலும் அதிலுள்ள வண்டிப் படத்தைப் படிக்கலாம். ‘ஏ’ என்றால் கீறல், ‘யூ’ என்றால் நசுங்கல், ‘டபிள்யூ’ என்றால் தட்டிச் சரிசெய்த இடம். நமக்கு முக்கியமானவை ‘எஸ்’, ‘சி’. முன்னது துரு, பின்னது துரு அரித்த இடம். தரம் இருக்க வேண்டிய இடத்தில் ‘ஆர்’ என்றிருந்தால் விபத்துக்குப் பிறகு பழுது பார்த்த வண்டி. தாளில் உள்ள கிலோமீட்டரை மீட்டரோடு ஒப்பிடுங்கள். ஹொக்கைடோ போன்ற பனிப் பகுதியில் ஓடியதென்றால் சாலையில் கொட்டும் உப்பு அடிப்பகுதியைத் தின்றிருக்கும். கீழே படுக்காமல் வாங்காதீர்கள்.

படி 3: குளிர்ந்த இன்ஜின்

நீங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாமென்று விற்பவரிடம் முதல் நாளே சொல்லிவையுங்கள். போனதும் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்று நினைத்து, இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

இன்ஜின் ஆறியிருக்கும்போது மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறங்கள். விளிம்புவரை தெளிந்த நிறத்தில் கூலன்ட் இருக்க வேண்டும். செம்மண் கரைசல்போல இருந்தால் வெறும் தண்ணீரை ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தாலோ, ஆயில் மூடியின் அடியில் மோர் நிறத்தில் களி ஒட்டியிருந்தாலோ ஹெட்டுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே உள்ள ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள்.

இப்போது மூடியைத் திறந்தபடியே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். முதலில் சில குமிழிகள் வருவது காற்று வெளியேறுவது; இரண்டு மூன்று நிமிடம் கழித்தும் விடாமல் வந்தால், எரியறை வாயு தண்ணீருக்குள் புகுகிறது. மூடியைப் போட்டுவிட்டு மேல் ஹோஸைப் பிடித்துப் பாருங்கள். இன்ஜின் சூடாகும் முன்பே ஹோஸ் கல்லாக இறுகினால் அதுவும் அதே நோய். உறுதி செய்ய மெக்கானிக்கிடம் நீல நிறச் சோதனைத் திரவம் இருக்கும்; ரேடியேட்டர் வாயில் வைத்து அது மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் பேரத்தை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

புகையையும் கவனியுங்கள். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் காற்று போதவில்லை, அல்லது டீசல் அதிகம். வெள்ளைப் புகை குளிர்ந்த காலையில் சற்று வந்து நின்றால் பரவாயில்லை. நிற்காமல் வந்து இனிப்பு வாசமும் அடித்தால் எரிவது கூலன்ட்.

இந்த வண்டிக்கே உரிய பலவீனம் ஒன்று உண்டு. பின்சீட்டுக்காரர்களுக்கு வெந்நீர் ஹீட்டர் இருக்கிறது. அதற்குக் கூலன்ட் கொண்டுபோகும் இரும்புக் குழாய்கள் வண்டிக்கு அடியில் ஓடுகின்றன. அவை துருப்பிடித்து ஒருநாள் ஓட்டை விழும். இன்ஜினின் பெரும்பகுதி முன் இருக்கைகளுக்குக் கீழே ஒளிந்திருப்பதால் ஆவியும் கண்ணில் படாது. கூலன்ட் இறங்கிப்போனால் வெப்பமானியின் சென்சாரைத் தண்ணீர் தொடாது. அதனால் முள் நடுவிலேயே நிற்கும், இன்ஜின் உள்ளே வெந்துகொண்டிருக்கும். டார்ச்சை அடித்து அந்தக் குழாய்களை முழு நீளத்துக்கும் பாருங்கள். ரப்பர் ஹோஸாக மாற்றியிருந்தாலோ, இன்ஜின் பக்கத்திலேயே வளைத்து இணைத்துப் பின்ஹீட்டரைக் கழற்றியிருந்தாலோ விற்பவர் விவரம் தெரிந்தவர். கூலன்ட் குறைந்தால் அலறும் அலாரம் பொருத்தியிருந்தால் இன்னும் நல்லது.

படி 4: துரு

பின்சக்கர வளைவுகள், கதவுக்கடியிலுள்ள நீளவாட்டுத் தகடு (சில்), முன்கண்ணாடியின் கீழ் விளிம்பு. இந்த மூன்று இடங்களிலும் காந்தத்தை ஓட்டுங்கள். ஒட்டவில்லையென்றால் பெயின்ட்டுக்குக் கீழே இருப்பது புட்டி. அடியில் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் சந்தோஷப்படாதீர்கள். ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டுங்கள். கணீரென்று கேட்க வேண்டும், பொத்தென்று கேட்கக்கூடாது.

கண்ணாடிக் கூரை உள்ள வகை அழகானது. ஆனால் அதன் ஓரங்களில் மழைநீர் கசியலாம், மேலே சாமான் ஏற்றவும் இடைஞ்சல். உள்கூரைத் துணியில் பழுப்புக் கறை இருக்கிறதா பாருங்கள்.

படி 5: நான்கு சக்கர இயக்கம்

முதலில் டயர்கள். நான்கும் ஒரே அளவு, ஒரே அளவு தேய்மானம். சுற்றளவு வேறுபட்டால் முன், பின் ஆக்சில்களுக்கு விசையைப் பிரிக்கும் நடு டிஃபரன்ஷியலில், அவற்றின் வேக வித்தியாசத்தைக் கட்டுப்படுத்தும் விஸ்கஸ் கப்ளிங் ஓயாமல் உழைத்துக் கெட்டுப்போகும். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஸ்டெப்னியையும் விடாதீர்கள்.

பிறகு ஓட்டிப் பாருங்கள். 2எச்-இல் (பின்சக்கரங்கள் மட்டும்) இருந்து 4எச்-க்கு (நான்கு சக்கரமும்) ஓடும்போதே மாற்றலாம். மீட்டர் பலகையில் சக்கர விளக்குகள் சில நொடிகளில் நிலையாக எரிய வேண்டும். விடாமல் சிமிட்டினால் பெரும்பாலும் முன் ஆக்சிலை இணைக்கும் வேக்குவம் ஹோஸ் வெடித்திருக்கும், அல்லது அதை இயக்கும் சொலினாய்டு (மின்வால்வு) செத்திருக்கும். சின்னச் செலவுதான்; விலையைக் குறைக்க நல்ல பிடி. 4எச்-இல் தார்ச்சாலையில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக வட்டமடியுங்கள். வண்டி திக்கித் திக்கி நகர்ந்தால் கப்ளிங் இறுகிவிட்டது. ‘டக் டக்’ என்று சத்தம் வந்தால் முன்சக்கரத்துக்கு விசை கொண்டுபோகும் தண்டின் சிவி ஜாயின்ட் தேய்ந்திருக்கிறது. வண்டியை அளவுக்கு மீறி உயர்த்தியிருந்தால் இது சீக்கிரமே வரும்.

4எச்எல்சி (நடு டிஃபரன்ஷியல் பூட்டிய நிலை), 4எல்எல்சி (அதே பூட்டோடு லோ கியர்) இரண்டையும் மண்ணிலோ சரளையிலோ மட்டும் சோதியுங்கள். லோவுக்குப் போக வண்டியை முழுக்க நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைக்க வேண்டும். பூட்டிய நிலையில் வட்டமடிக்கும்போது சக்கரங்கள் மண்ணைப் பிறாண்டினால் பூட்டு வேலை செய்கிறது என்று அர்த்தம்.

ஆட்டோமேட்டிக் கியர் ஆயில் சிவப்பாக இருக்க வேண்டும். கரிந்த வாடை அடித்தால் விட்டுவிடுங்கள்.

படி 6: உங்கள் பாதைக்கு இது போதுமா?

ஆஸ்திரேலியாவின் உள்நாட்டில் மாரி என்ற ஊரிலிருந்து பேர்ட்ஸ்வில் ஊர்வரை போகும் மண்சாலையான பேர்ட்ஸ்வில் ட்ராக்கை எடுத்துக்கொள்வோம். மாரியில் டாங்க்கை நிரப்பினால் அடுத்த எரிபொருள் சுமார் 204 கி.மீ. தள்ளி முங்கரானியில், அங்கிருந்து பேர்ட்ஸ்வில் 313 கி.மீ. பாரமேற்றிய டீசல் எல்400 மண்ணில் 100 கி.மீ.க்கு 15 லிட்டர் குடித்தாலும் இரண்டாவது துண்டுக்கு 47 லிட்டர். 75 லிட்டர் டாங்க்குக்கு அது தாராளம். மழை பெய்து சேறானால், மணலில் லோ கியரில் ஊர்ந்தால் இந்தக் கணக்கு உதவாது. 20 லிட்டர் கேன் ஒன்று கூடவே இருக்கட்டும். 60 லிட்டர் குடிநீர் 60 கிலோ, இரண்டாவது பேட்டரி, ஃபிரிட்ஜ், கட்டில் என்று கூட்டி, வண்டித் தகட்டில் உள்ள மொத்த எடை வரம்புக்குள் வருகிறதா பாருங்கள்.

வாங்கியபின் முதல் செலவு கூரை கேரியரோ பெரிய விளக்கோ அல்ல. ரேடியேட்டர் ஹோஸ்கள் எல்லாம், தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் மூடி, ஃபேன் பெல்ட்டுகள், புதுக் கூலன்ட், அலாரம் இல்லையென்றால் அலாரம். கழற்றிய ஹோஸ்களில் நல்லதாக இருப்பவற்றைத் தூக்கி எறியாமல் சில கிளிப்புகளோடு பின்சீட்டுக்கடியில் போட்டுவையுங்கள்.