ஃபோர் வீல் டிரைவ் மாட்யூல்: மாற்றுவதற்கு முன் நடக்கும் தவறுகள், மாற்றும்போது நடக்கும் தவறுகள்

1999 முதல் 2006 வரை வந்த ஷெவர்லே சில்வராடோ, ஜிஎம்சி சியரா 1500 வண்டிகளில் ‘சர்வீஸ் ஃபோர் வீல் டிரைவ்’ என்று எழுத்து வந்துவிட்டால் போதும், புதிதாகத் தொழிலுக்கு வந்த பையன்கள் முதலில் கை வைப்பது மாட்யூலில்தான். டிரான்ஸ்ஃபர் கேஸ் கன்ட்ரோல் மாட்யூல், சுருக்கமாக டிசிசிஎம். டிரான்ஸ்ஃபர் கேஸ் என்பது எஞ்சின் சக்தியை முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் கியர் பெட்டி; அதை இயக்கும் மின்னணுப் பெட்டிதான் இந்த மாட்யூல். ஸ்டீயரிங் பக்கத்தில், டேஷ்போர்டின் அடியில் ஒளிந்திருக்கும் சின்னப் பெட்டி. கழற்ற எளிது, மாட்ட எளிது. எளிதாக இருப்பதால்தான் தேவையில்லாமல் மாற்றுகிறார்கள்.

ஆட்டோ, 2 ஹை (இரு சக்கர ஓட்டம்), 4 ஹை (நான்கு சக்கர ஓட்டம்), 4 லோ (குறைந்த வேகத்துக்கான நான்கு சக்கர ஓட்டம்) என்று பட்டன் நான்கும் உள்ள ஆட்டோட்ராக் வகையை, அதாவது என்வி 246 டிரான்ஸ்ஃபர் கேஸை வைத்துத்தான் இங்கே பேசுகிறேன். கனடா, அமெரிக்கக் குளிர்ப் பகுதிகளில் சாலை உப்பு ஒயரிங்கைத் தின்னும். வளைகுடாவில் வெயிலும் மணலும். வண்டி எங்கே ஓடினாலும் தவறுகள் மட்டும் மாறுவதில்லை.

எர்த்தைச் சுமையில் சோதிக்காமல் மாட்யூலைக் குற்றவாளி ஆக்குவது

இந்த ஒரு தவறுக்காகவே எழுத உட்கார்ந்தேன். இதைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எரிச்சல் வருகிறது.

நடப்பது இதுதான். பட்டன் விளக்குகள் ஒன்றும் எரியவில்லை, அல்லது எரிந்து எரிந்து அணைகின்றன. ஸ்கேனரில் சி 0550 (C0550) என்ற கோளாறு எண் வருகிறது. அதன் விளக்கத்தில் ‘கன்ட்ரோல் யூனிட் கோளாறு’ என்று போட்டிருக்கும். சரி, மாட்யூல் போச்சு என்று முடிவு. மனச்சாட்சிக்காக மல்டிமீட்டரை எடுத்து மாட்யூலின் ஒயர் கப்ளரில் வைத்துப் பார்ப்பார்கள்: 12.4 வோல்ட். மின்சாரம் வருகிறது, எர்த் (கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழி) இருக்கிறது, அப்படியானால் மாட்யூல்தான். புதிய மாட்யூல் வருகிறது. இரண்டு நாள் ஓடுகிறது. மழை பெய்ததும் அதே எழுத்து. உடனே ‘வந்த மாட்யூலே டிஃபெக்ட்’ என்று சண்டை. வண்டிக்காரர் இரண்டாவது மாட்யூலுக்கும் காசு கொடுத்துவிட்டு, மூன்றாவது பட்டறைக்கு வந்து நிற்பார்.

அந்த 12.4 எதையும் நிரூபிக்கவில்லை. டிஜிட்டல் மீட்டரின் உள் ரெசிஸ்டன்ஸ் பெரும்பாலும் 10 மெகா ஓம். அது ஒயரிலிருந்து இழுக்கும் கரண்ட் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. எர்த் போல்ட்டில் துருவேறி 1,000 ஓம் தடை இருந்தாலும் மீட்டர் ஏறக்குறைய முழு வோல்ட்டேஜையே காட்டும். குழாய் மூடியிருக்கும்போது அழுத்தம் சரியாகத்தான் இருக்கும். திறந்தால்தான் அடைப்பு தெரியும். இங்கே குழாயைத் திறப்பது டிரான்ஸ்ஃபர் கேஸின் ஷிஃப்ட் மோட்டார். அது சுற்றத் தொடங்கும் நொடியில் கரண்ட் ஏறும், வோல்ட்டேஜ் சரியும், மாட்யூல் நடுவழியில் ரீசெட் ஆகும். ஷிஃப்ட் முடியாமல் நிற்கும், பழி மாட்யூல் மீது விழும்.

செய்ய வேண்டியது பதினைந்து நிமிட வேலை. இன்டிகேட்டருக்குப் போடும் 21 வாட் பல்பு ஒன்று, இரண்டு ஒயர், மீட்டர். மாட்யூல் கப்ளரைக் கழற்றுங்கள். உங்கள் வருடத்து ஒயரிங் வரைபடத்தில் சப்ளை பின்னும் எர்த் பின்னும் எவை என்று பாருங்கள். ஒயரின் நிறத்தை வைத்து ஊகிக்காதீர்கள். அந்த இரண்டுக்கும் நடுவே பல்பைப் போடுங்கள். ஏறக்குறைய 1.7 ஆம்பியர் ஓடும். பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே மீட்டரின் ஒரு முனையை எர்த் பின்னிலும் மறு முனையை நேராக பேட்டரியின் நெகட்டிவிலும் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நல்லது. அரை வோல்ட் காட்டினால் அங்கேயே நில்லுங்கள், கோளாறு கிடைத்துவிட்டது. அடுத்து பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து சப்ளை பின் வரைக்கும் அதே சோதனை. மோட்டாருக்கென்று வரும் தடித்த ஒயரில் 55 வாட் ஹெட்லைட் பல்பைப் போட்டே பார்க்கலாம். இக்னிஷனிலிருந்து வரும் மெல்லிய ஒயருக்கு அது வேண்டாம்.

பல்பு மங்கலாக எரிந்த ஒரு சியராவில் எர்த் ஒயரைப் பிடித்துக்கொண்டே போனால், சேசிஸில் போல்ட் வெளியே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கழற்றியதும் லக்கின் (ஒயர் நுனியில் போல்ட்டுக்காக இருக்கும் உலோக வளையம்) அடிப்பக்கம் பச்சைப் பொடி உதிர்ந்தது. ஒயரின் செம்பு இழைகள் லக்கின் கழுத்தில் கறுத்துப்போய், இரண்டு மூன்றுதான் மிச்சம். டேஷ்போர்டுக்கு அடியிலோ பளபளவென்று புது மாட்யூல். லக்கை வெட்டி, செம்பு பளிச்சென்று தெரியும் இடம் வரை ஒயரை உரித்து, புது லக் போட்டு நசுக்கி, சேசிஸில் பெயின்ட் போகத் தேய்த்து, இறுக்கியபின் மேலே கிரீஸ் பூசியதோடு சரி. கழற்றிய பழைய மாட்யூலையே திரும்ப மாட்டினார்கள். இன்றுவரை அதுதான் ஓடுகிறது.

ஸ்விட்சை மறப்பது

சாவியை ஆன் செய்ததும் பட்டன் விளக்குகள் சற்று நேரம் எரிந்து, பிறகு இருக்கும் நிலைக்கான ஒன்று மட்டும் நிலைக்க வேண்டும். பி 2725 (B2725) என்ற கோளாறு எண் வந்தால் பேச்சே வேண்டாம், முதலில் ஸ்விட்சும் அதன் ஒயரும். மாட்யூலோடு ஒப்பிட்டால் ஸ்விட்ச் விலை சொற்பம்.

சி 0327 வந்தும் மாட்யூலை வாங்குவது

அது என்கோடர் (நிலையைச் சொல்லும் சென்சார்) சர்க்யூட். டிரான்ஸ்ஃபர் கேஸ் மேல் உட்கார்ந்திருக்கும் ஷிஃப்ட் மோட்டாருக்குள் இருக்கும் இந்தச் சென்சார்தான் ‘இப்போது எந்த நிலையில் இருக்கிறேன்’ என்று மாட்யூலுக்குச் சொல்கிறது. சென்சார் உளறினால் மாட்யூல் என்ன செய்யும்? வண்டிக்கு அடியில் படுத்து அந்தக் கப்ளரைக் கழற்றிப் பாருங்கள். ஈரமோ பச்சையோ இருக்கும் வாய்ப்பு அதிகம். சி 0308, 0309, 0310 வந்தால் மோட்டார் ஒயர்கள். கப்ளர் கழற்றிய நிலையில் மோட்டார் பின் இரண்டுக்கும் அதன் பாடிக்கும் இடையே தொடர்பே இருக்கக் கூடாது. இருந்தால் மோட்டார் ஷார்ட். அதை அப்படியே விட்டு நல்ல மாட்யூலை மாட்டாதீர்கள்.

வண்டியின் நிபந்தனையைக் கோளாறு என்று நினைப்பது

4 லோ போட வண்டி நிற்க வேண்டும், அல்லது மணிக்கு 5 கிலோமீட்டருக்குக் கீழே நகர வேண்டும். கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும். பார்க்கிங்கில் வைத்துக்கொண்டு பட்டனை அழுத்தினால் விளக்கு 30 விநாடி சிமிட்டிவிட்டுப் பழைய நிலைக்கே போகும். மாட்யூல் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம்.

டயர்

நான்கும் ஒரே அளவு, ஒரே தேய்மானம். இல்லையென்றால் முன் ஷாஃப்ட்டும் பின் ஷாஃப்ட்டும் வேறு வேறு வேகம் சொல்லும், ஆட்டோ நிலையில் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் இருக்கும் கிளட்ச் சும்மா சும்மா பிடிக்கும்.

பெட்டி ஒரே மாதிரி இருக்கிறது என்று பழைய இரும்புக் கடையிலிருந்து எடுத்து வருவது

இவ்வளவும் பார்த்தபின் மாட்யூல்தான் என்று உறுதியானால் மாற்றுங்கள். ஆனால் கிளவ் பாக்ஸ் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படித்துவிட்டு வாங்குங்கள். என்பி8 என்று இருந்தால் ஆட்டோ உள்ள வண்டி, என்பி1 என்றால் ஆட்டோ இல்லாத எலக்ட்ரிக் ஷிஃப்ட். ஒன்றின் மாட்யூல் மற்றதற்கு ஆகாது. 2003-இல் இந்த வண்டிகளின் மின் அமைப்பையே மாற்றினார்கள்; அதனால் 2002 வண்டியின் பெட்டி 2003-க்குச் சேராது. பழைய மாட்யூலின் மேல் அச்சிட்ட பார்ட் நம்பரைப் படம் எடுத்துக்கொண்டு போவது எதையும்விட நல்லது.

புதிய மாட்யூல் என்றால் டெக் 2 போன்ற கருவியால் உங்கள் வண்டிக்கான புரோகிராமை ஏற்ற வேண்டும். மாட்டிவிட்டு ‘வேலை செய்யவில்லை’ என்று திருப்பி அனுப்பப்படும் பெட்டிகளில் நிறைய இந்த வகைதான். புரோகிராம் ஏற்றும்போது பேட்டரிக்கு நிலையான சப்ளை கொடுங்கள். பாதியில் வோல்ட்டேஜ் விழுந்தால் புது மாட்யூல் பொம்மை.

பேட்டரி நெகட்டிவ்

மாட்யூலைக் கழற்றி மாட்டுமுன் கழற்றுங்கள்.

மஞ்சள் கப்ளர்

ஏர்பேக். கை வைக்காதீர்கள், டெஸ்ட் லைட்டும் வைக்காதீர்கள்.

மோட்டாரையும் சேர்த்து மாற்றும்போது நிலையைப் பார்க்காமல் மாட்டுவது

புது என்கோடர் மோட்டார் (ஷிஃப்ட் மோட்டார்தான்) டிரான்ஸ்ஃபர் கேஸின் நியூட்ரல் நிலையில் வரும். டிரான்ஸ்ஃபர் கேஸ் வேறு நிலையில் இருந்தால் ஷாஃப்ட் பொருந்தாது. போல்ட்டை இறுக்கிப் பொருத்தப் பார்த்தால் உடையும். பழைய மோட்டார் இன்னும் நகர்கிறது என்றால் கழற்றுமுன் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, 2 ஹை நிலையிலிருந்து 2 ஹை, 4 லோ பட்டன்கள் இரண்டையும் சேர்த்து 10 விநாடி அழுத்துங்கள். டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலுக்கு வந்ததும் சிவப்பு விளக்கு எரியும். மோட்டார் செத்திருந்தால் ஷிஃப்ட் ஷாஃப்ட்டைக் கையால் திருப்பி நியூட்ரலுக்குக் கொண்டுவர வேண்டும். திரும்ப மறுத்தால் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கொஞ்சம் உருட்டிக்கொடுத்தால் பல் பொருந்தும். டிரான்ஸ்ஃபர் கேஸின் இந்த நியூட்ரலில் கியர் லீவர் பார்க்கிங்கில் இருந்தாலும் வண்டி உருளும். அடியில் படுக்குமுன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள்.