ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடிய காரைக் கையில் எடுக்கும்போது

எங்கள் வீட்டு சான்ட்ரோ ஜிங் 2010-இல் வாங்கியது. அப்பாவிடமிருந்து என் கைக்கு வந்தபோது மீட்டரில் 1,48,000 காட்டியது. இருங்காட்டுக்கோட்டையில் செய்த அந்த வண்டி இன்றும் எங்கள் நாலு பேரையும் ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போய் வருகிறது. பழைய காரைக் கெடுப்பது ஓட்டத்தைவிடச் சூடும் காய்ந்துபோன ரப்பரும்தான் என்பது என் அனுபவம். அதனால் பெயின்ட், சீட் கவர் எல்லாம் அப்புறம். இந்த வரிசையில் ஆரம்பியுங்கள்.

முதல் படி: ஒரு நோட்டு

பழைய சர்வீஸ் பில்களைத் தேடி எடுத்து, எதை எத்தனை கிலோமீட்டரில் மாற்றினார்கள் என்று எழுதுங்கள். பில் இல்லாத பாகத்தை மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: கூலன்ட்

எஞ்சின் சூட்டைத் தணிக்கும் திரவம்தான் கூலன்ட். காலையில், எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும்போது மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறங்கள். சூட்டோடு திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும். உள்ளே துரு நிறத்தில் தண்ணீர் இருந்தால், போர்த் தண்ணீர் ஊற்றியே ஓட்டியிருக்க வாய்ப்பு அதிகம். அந்த உப்பு படிந்துதான் ரேடியேட்டர் அடைத்துக்கொள்கிறது. முழுவதும் வடித்து, கழுவி, கூலன்டையும் டிஸ்டில்டு வாட்டரையும் சரிபாதி கலந்து ஊற்றச் சொல்லுங்கள். ரேடியேட்டரின் ரப்பர் ஹோஸ்களை விரலால் அழுத்திப் பாருங்கள். கல் மாதிரி இறுகியிருந்தாலும், கொழகொழவென்று இருந்தாலும், வெடிப்பு தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள்.

"நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதுக்கு?" என்று சில மெக்கானிக்குகள் அதைக் கழற்றிவிடுவார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். சூட்டுக்கேற்பக் கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வு அது. அது இல்லாவிட்டால் எஞ்சின் சரியான சூட்டுக்கு வர வெகுநேரம் ஆகும். பெட்ரோலும் கூடும், தேய்மானமும் கூடும்.

வழியில் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக்கு ஏறினால் ஏ.சி.யை அணைத்து, ஓரம் கட்டி, எஞ்சினை நிறுத்துங்கள். முக்கால் மணி நேரமாவது மூடியைத் தொடாதீர்கள். திண்டிவனம் தாண்டி ஒருமுறை எனக்கு முள் ஏறியது. இன்னும் பத்து கிலோமீட்டர்தானே என்று ஓட்டிவிட்டேன். எஞ்சின் தலைக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் போய், வண்டி இரண்டு வாரம் ஒர்க் ஷாப்பில் கிடந்தது.

மூன்றாம் படி: டைமிங் பெல்ட்

வால்வையும் பிஸ்டனையும் ஒரே தாளத்தில் ஓட வைப்பது இதுதான். உங்கள் எஞ்சினில் இருப்பது பெல்ட்டா, செயினா என்று கேளுங்கள். என் சான்ட்ரோவில் பெல்ட். வேகன் ஆரின் கே சீரிஸ் எஞ்சினில் செயின். பெல்ட் அறுந்தால் பல எஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். பெரும்பாலும் முன்கூட்டி எந்தச் சத்தமும் வராது. அதனால் கார் கையேட்டில் போட்டிருக்கும் கிலோமீட்டரையும் வருடக் கணக்கையும் பார்த்து, எது முதலில் வருகிறதோ அப்போதே மாற்றுங்கள். கூடவே பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் மாற்றிவிடுங்கள், வாட்டர் பம்பையும் பார்க்கச் சொல்லுங்கள். கூலியில் பெரும்பகுதி கழற்றி மாட்டுவதற்குத்தான் போகிறது.

நான்காம் படி: ஆயில், பிரேக், டயர்

பழைய எஞ்சின் கொஞ்சம் ஆயில் குடிக்கும். வாரம் ஒருமுறை சமதளத்தில் நிறுத்தி ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக் கம்பியைப் பாருங்கள். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம் தயாரானது. பட்டன் (தரையில் படும் ரப்பர் வரிகள்) நன்றாக இருந்தாலும் வயதான டயரை நம்பிக் குழந்தைகளோடு பைபாஸில் ஏறாதீர்கள்.

ஐந்தாம் படி: ஆர்.சி. (பதிவுச் சான்றிதழ்)

சொந்தக் காரின் பதிவு 15 வருடம்தான் செல்லும். அப்புறம் ஆர்.டி.ஓ. ஆபீஸில் வண்டியைக் காட்டி, 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இதற்குப் படிவம் 25. 15 வருடம் முடிந்த காருக்குக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600-இலிருந்து 5,000 ரூபாய் ஆனது; பசுமை வரி தனி. காலாவதியாக 60 நாள் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம். வண்டியைக் காட்டப் போகும் அன்றைக்கு லைட், ஹாரன், வைப்பர் மூன்றும் வேலை செய்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.