மலிவான கைப்பிடி எது? டிசைன் செலவுக் கணக்கு போடும் விதம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மூன்றாம் ஆண்டு படித்தபோது, கடலோரக் கோயில் ஒன்றின் படிக்கட்டுக்குக் கைப்பிடி வடிவமைத்தேன். வரைபடம் ஒரே ராத்திரியில் முடிந்தது. எந்தக் குழாய் போடுவது என்பதில்தான் மாட்டிக்கொண்டேன்.

1. தேவையை முதலில் எழுதுங்கள். காவடி நாளில் கூட்டமே கைப்பிடியில் சாயும். அதைத் தாங்காத குழாய் எவ்வளவு மலிவானாலும் கணக்கிலேயே வரக்கூடாது.

2. விலை, ஆயுள், பராமரிப்பு மூன்றையும் குறியுங்கள். இவை நான் முழு எண்ணாக்கிய அனுமானங்கள்:
பெயிண்ட் அடித்த சாதா இரும்பு: 8,000 ராண்ட், 5 ஆண்டு, பெயிண்டுக்கு ஆண்டுக்கு 1,000.
ஜி.ஐ. குழாய் (துத்தநாகம் பூசிய இரும்பு): 12,000, 10 ஆண்டு.
316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்: 24,000, 30 ஆண்டு.

(304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போதாதா? கடலோரத்தில் வேண்டாம். உப்புக் காற்றில் பழுப்புக் கறை படியும், புள்ளி புள்ளியாக அரிக்கும். 316-இல் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் உண்டு, அதனால் தாக்குப்பிடிக்கும்.)

3. நான் சறுக்கிய இடம் இது. விலையை ஆயுளால் வகுத்து, பெயிண்ட் செலவையும் சேர்த்தேன்: 2,600, 1,200, 800. "316தான்!" என்று எழுதிக் கொடுத்தேன். "24,000-ஐ இன்றைக்கே யார் தருவது?" என்று விரிவுரையாளர் சிவப்பில் வட்டம் போட்டார். உண்டியல் பணம் வங்கியில் இருந்தால் வட்டி வருமே! ஆகவே:

ஆண்டுச் செலவு = விலை × வட்டி ÷ (1 − (1 + வட்டி)^−ஆண்டு)

10 சதவீத வட்டியில் (சூத்திரத்தில் 0.10), பெயிண்டையும் சேர்த்து, 3,110, 1,953, 2,546. ஜி.ஐ. ஜெயித்துவிட்டது.

ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள். அப்புறம் லிப்ரே ஆபிஸில் இதே கணக்கைப் போடும் பி.எம்.டி. (PMT) சூத்திரம் போதும், எக்செல்லுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். விடை மைனஸில் வந்தால் பயப்படாதீர்கள். கையை விட்டுப் போகும் பணம் அது.

பின்சேர்க்கை: பத்து வருடம் கழித்தும் ஜி.ஐ. அதே 12,000-க்குக் கிடைக்குமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். சரியான கேள்வி. விலைவாசி ஏற்றத்தைக் கழித்த வட்டியைப் போட வேண்டும். விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறும் என்று வைத்தால், 10-இல் 5 போக ஏறக்குறைய 5 சதவீதம். இப்போது ஜி.ஐ. 1,554, 316 1,561. ஏழே ராண்ட் வித்தியாசம்!

இனி சூத்திரம் உதவாது. ஜி.ஐ. என்றால் வெல்டிங் முடித்த பிறகே துத்தநாகத்தில் முக்க வேண்டும். பூசியபின் வெல்ட் வைத்தால் பூச்சு எரிந்துபோகும், முதல் துரு அங்கேதான் பிடிக்கும். குழாயை மாற்றப் பத்தாண்டுக்கு ஒருமுறை படிக்கட்டையும் அடைக்க வேண்டும். கோயில் தாத்தாவிடம் கேட்டேன். "புரட்டாசியிலயும் தைப்பூசத்துலயும் அடைக்காதே, மத்த நாள் உன் இஷ்டம்" என்றார். ஜி.ஐ. போட்டோம்.